காணாமல் போன ‘பு’

புதுச்சத்திரத்தைத் தாண்டி நான்குவழிச் சாலையோரம் ஒரு பேருந்து நிறுத்தம். நிழற்குடை என்று பெயர். நிழல் முழுக்கப் பின்பக்கம் சோளக்காட்டில் விழுந்து கிடந்தது. காருக்குள் இருந்த சூடு இறங்கட்டும் என்று கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நான் வெளியே நின்றிருந்தேன். நான் பழுது பார்க்கப் போயிருந்த பட்டறையிலிருந்து என் பின்னாலேயே நடந்து வந்த வெல்டர் மாதேஸ், இரண்டு அடி தள்ளி நின்றார்.

“ஏனுங்க மேடம், ஒண்ணு கேக்கலாமுங்களா?”

“கேளுங்க.”

தூரத்தில் ஒரு பேருந்து வருவதைப் பார்த்துவிட்டு, இடது உள்ளங்கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டார்.

“அந்தப் போர்டுல என்ன எழுதியிருக்குதுங்க?”

“ராசிபுரம்.”

“எனக்கு ராசி... ரம்னு தெரியுதுங்க. நடுவுல ‘பு’ இல்லீங்க. கண்ணைக் கொஞ்சம் நவுத்துனா ‘பு’ வந்துருது, ‘சி’ போயிருது.”

ஏதோ மோட்டாரில் புதிதாக ஒரு சத்தம் வருகிறது என்று சொல்வதைப் போலத்தான் சொன்னார். அவர் ஏற வேண்டிய பேருந்து அதுதான். நின்றது, நடத்துநர் எட்டிப் பார்த்தார், போய்விட்டது. அவர் ஏறவில்லை. கார்க் கதவின் கைப்பிடி உள்ளங்கையைச் சுட்டுக்கொண்டிருந்தது என்பது எனக்குச் சற்று நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

டார்ச் லைட் வேலை

இந்தத் தொடரைப் படிக்கும் வாசகர் ஒருவர், “நீங்கள் செய்வது என்ன வேலை என்று இத்தனை வாரமாகியும் எனக்கு விளங்கவில்லை” என்று எழுதியிருக்கிறார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். என் மாமியாருக்கும் கடைசிவரை விளங்கவில்லை. கல்யாணமான புதிதில் பக்கத்து வீட்டுக்காரரிடம் அவர், “எங்க மருமவ பெங்களூர்ல டார்ச் லைட்டுக் கம்பெனில வேல பாக்குது” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நானும் திருத்தவில்லை. யோசித்துப் பார்த்தால் ரொம்பத் தப்பும் இல்லை.

ஃபோட்டானிக்ஸ் என்பது ஒளியை வேலை வாங்கும் படிப்பு. கம்பிக்குள் மின்சாரத்தை ஓடவிட்டு வேலை வாங்குகிறோம் அல்லவா? அதுபோல ஒளியைக் கண்ணாடி இழைக்குள் ஓடவிட்டு, வேண்டிய இடத்தில் வெளியே எடுத்து, அறுக்கவும் ஒட்டவும் எழுதவும் அளக்கவும் பயன்படுத்துவது.

நான் படித்த காலத்தில் இது ஆய்வகத்துக்குள் அடங்கிய விஷயம். சேலத்துக் கல்லூரியில், ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டிய அறையில்தான் முதன்முதலாக லேசரைப் பார்த்தேன். சுவரில் ஒரு சிவப்புப் பொட்டு. பொட்டுக்குள் மணல் போலப் பொடிப்பொடியாக மினுமினுப்பு. தலையை அசைத்தால் அந்த மணலும் கூடவே ஊர்ந்தது. பரிசோதனையை எழுதி முடித்த மற்றவர்கள் கேன்டீனுக்குப் போய்விட்டார்கள். நான் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே நின்றிருந்தேன். ஆய்வக உதவியாளர் வந்து, “கழுத்து வலியாம்மா?” என்று கேட்டார்.

இப்போது அதே லேசர் எங்கள் சாலைகளில் இறங்கிவிட்டது. நாமக்கல் கோழிப்பண்ணைகளில் முட்டை ஓட்டின் மேல் தேதி எழுதுகிறது. ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளில் ஒளி பட்டுத் திரும்புவதை வைத்துப் பழுப்பு மணிகளைக் கேமரா கண்டுபிடிக்க, காற்று அவற்றை ஊதித் தள்ளுகிறது. லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளில் இரும்புத் தகட்டை லேசர் அப்பளம் போல வெட்டுகிறது. பெங்களூர் வேலையை விட்டுவிட்டு நான் நாமக்கல்லுக்கே திரும்பி, இந்தக் கருவிகளைப் பழுது பார்ப்பதையும் சொல்லிக்கொடுப்பதையும் தொழிலாக வைத்துக்கொண்டது இதனால்தான். சரசக்காவின் பட்டறைக்கு நான் அன்றைக்குப் போனதும் அப்படித்தான்.

கவ்விக்கொண்டிருந்த கிளிப்

சரசக்கா பால் டேங்க் செய்கிறவர். பால் ஏற்றிச் செல்லும் லாரிகளின் முதுகில் பளபளவென்று படுத்திருக்குமே, அந்த எவர்சில்வர் உருளைகள். கணவர் பக்கவாதத்தில் படுத்த பிறகு, சமையல்கட்டிலிருந்து நேராகப் பட்டறைக்கு வந்து உட்கார்ந்தவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். புடவைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு, தகட்டின் தடிமனை விரலால் தடவியே சொல்வார். குரல் பட்டறையின் கிரைண்டர் சத்தத்தைத் தாண்டிக் கேட்கும்.

கையில் பிடித்து வெல்டிங் வைக்கும் லேசர் இயந்திரம் ஒன்றை அவர் புதிதாக வாங்கியிருந்தார். ஆர்கான் வாயுவை ஊதி மின்பொறியால் ஒட்டும் பழைய ஆர்கான் வெல்டிங்கைவிடப் பல மடங்கு வேகம். தகடு நெளியாது. பற்ற வைத்த இடத்தைத் தேய்க்கும் வேலையும் குறைவு. ஆனால் முனையில் இருக்கும் காப்புக் கண்ணாடி அடிக்கடி கருகிப்போகிறது என்று எனக்குப் போன் செய்திருந்தார்.

நான் போனபோது பாதி முடிந்த டேங்க் ஒன்று மேடையில் இருந்தது. உட்புறம் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி மின்னியது. அதன் வாயில் குனிந்து மாதேஸ் வேலை செய்துகொண்டிருந்தார். ஆட்டையாம்பட்டிக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். அந்தச் சுற்றுவட்டாரத்தில் எவர்சில்வர் வெல்டிங்குக்குப் பெயர் எடுத்தவர். அவரைத் தங்கள் பட்டறைக்கு இழுக்கப் பலர் முயன்றதை சரசக்காவே என்னிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

கருகிய காப்புக் கண்ணாடியைக் கழற்றப் போன நான், அங்கேயே நின்றுவிட்டேன்.

இந்த இயந்திரத்தில் ஒரு கிளிப் உண்டு. அதை வேலை நடக்கும் தகட்டில் மாட்ட வேண்டும். கையில் பிடிக்கும், துப்பாக்கி போன்ற ‘கன்’னின் முனை அந்தத் தகட்டைத் தொட்டால்தான் உள்ளே சுற்று முழுமையாகி லேசர் வரும். தொடாவிட்டால் விசையை அழுத்தினாலும் வராது. காற்றில் எங்கேயாவது காட்டி அழுத்திவிடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. இங்கே அந்தக் கிளிப் தகட்டில் இல்லை. கன்னின் கழுத்தையே கவ்விக்கொண்டிருந்தது. அதாவது எந்நேரமும் தொட்டுக்கொண்டிருப்பதாக இயந்திரத்தை நம்ப வைத்திருந்தார்கள்.

“இதை இங்க யாருங்க மாட்டுனது?”

“அது மெசின் வித்த எடத்துல இருந்து வந்த ஆளு மாட்டிக் குடுத்ததுங்க” என்றார் மாதேஸ். “வளைவுல போறப்ப அடிக்கடி கட்டாகுதுன்னு சொன்னோம். இப்படி மாட்டிக்கிட்டா கட்டாகாதுன்னாரு.”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். வெல்டிங் முகமூடி நெற்றிக்கு மேலே ஏற்றி விடப்பட்டிருந்தது. அதிலிருந்த கறுப்புக் கண்ணாடி, பழைய ஆர்கான் வேலைக்கானது, லேசரைத் தடுக்காது. சுற்றிலும் இருந்தவர்கள் வெறும் கண்ணோடு வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

வலிக்காத வெளிச்சம்

இங்கே கதையைக் கொஞ்சம் நிறுத்தி ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.

வெயிலைப் பார்த்தால் கண் தானாக மூடிக்கொள்கிறது. ஆர்கான் வெல்டிங்கின் பொறியைப் பார்த்தால் கண் கூசுகிறது, இரவெல்லாம் மணல் விழுந்த மாதிரி உறுத்துகிறது. அந்த வேதனையே ஒரு காவல். இந்த லேசரின் ஒளியோ கண்ணுக்குத் தெரியாதது. முனையில் தெரியும் சிவப்புப் பொட்டு வெறும் குறி காட்டத்தான். வெட்டுகிற, ஒட்டுகிற ஒளி அதன் கூடவே நிறமில்லாமல் போகிறது. அது கண்ணுக்குள் நுழைந்தால் இமை மூடாது. கண்ணின் வில்லை அதையும் கடமை தவறாமல் குவித்து, விழித்திரையில் ஒரு குண்டூசி முனையளவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். விழித்திரைக்கு வலி தெரியாது.

நேரே பார்க்க வேண்டும் என்பதுகூட இல்லை. பளபளப்பான தகட்டில் பட்டுத் திரும்பினாலே போதும். பால் டேங்க்கை விடப் பளபளப்பான தகடு எங்கே இருக்கிறது?

இதைத்தான் சரசக்காவிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

“அம்மிணி, நீங்க கண்ணாடி மாத்த வந்தீங்களா, மெசின நிறுத்த வந்தீங்களா?”

“ரெண்டுக்குந்தானுங்க்கா.”

“ரெண்டு டேங்க் இந்த வாரத்துல போயாகோணும். வண்டிக்காரரு வெறும் லாரிச் சேசிய கொண்டாந்து நிறுத்திப்போட்டு ஊட்டுக்குப் போகாம உக்காந்திருக்கறாரு. நிறுத்துன்னா எப்படி நிறுத்தறதுங்க?”

“ஆர்கான்ல வைங்க. ஒரு வாரத்துல நானே கண்ணாடி, முகமூடி எல்லாம் வரவழைச்சுத் தர்றேன். அதுவரைக்கும் இதைத் தொட வேண்டாம்.”

“சரி, சரி. பாத்துக்கறோம்.”

அந்தப் ‘பாத்துக்கறோம்’ எனக்குத் தெரியும். நான் சாலைக்குப் போய்ச் சேரும் முன்னால் மறுபடி விசை அழுத்தப்படும். எல்லா லேசர் இயந்திரத்திலும் ஒரு சாவி இருக்கும், அதைத் திருப்பாமல் ஓடாது. நான் அதை உருவிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

யாரோ கிரைண்டரை நிறுத்தினார்கள்.

“அம்மிணி.” சரசக்காவின் குரல் தாழ்ந்திருந்தது. அவர் குரல் தாழ்ந்து நான் அதுவரை கேட்டதில்லை. “அது எம்பட மெசினு.”

“ஆமாங்க்கா. சாவி மட்டும் என்கிட்ட இருக்கட்டும்.”

போவதற்கு முன் அங்கிருந்த எல்லாரிடமும் பொதுவாகக் கேட்டேன். யாருக்காவது பளிச்சென்று ஏதாவது தெரிந்ததா, கண்ணில் புள்ளி ஏதும் நிற்கிறதா என்று. ஒருவர் பின் ஒருவராக வேலைக்குத் திரும்பினார்கள். மாதேஸ் கையுறையைக் கழற்றி விரல் விரலாக நேராக்கிக்கொண்டிருந்தார். பிறகுதான் அவர் என் பின்னால் நிறுத்தத்துக்கு வந்தது, ராசிபுரம் பேருந்து வந்தது எல்லாம்.

பூ வைக்காத அறை

பேருந்து போன பிறகு அவர் முழுவதையும் சொன்னார். வளைவில் ஒட்டிய பொருத்து சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க முகமூடியை மேலே ஏற்றிவிட்டுச் சிவப்புப் பொட்டைத் தேடியிருக்கிறார். விரல் விசையில் பட்டிருக்கிறது. டக்கென்று ஒரு சத்தம் மட்டும் கேட்டதாம். வெளிச்சம்கூடத் தெரியவில்லையாம். இரண்டு நாள் கழித்து இடது கண்ணில் தூசு விழுந்து கசக்கிக்கொண்டிருந்தபோதுதான், வலது கண்ணில் நடுவே ஒன்றும் இல்லை என்று தெரிந்திருக்கிறது.

“ஊட்டுல சொன்னீங்களா?”

“இல்லீங்க. அக்காகிட்டயும் சொல்லிராதீங்க மேடம். கண்ணு போன வெல்டருன்னு ஒருக்காப் பேரு வந்துருச்சுன்னா அவ்வளவுதானுங்க.”

“நாளைக்குக் காலைல சேலம் போலாம். அக்காகிட்ட நான் சொல்லல. சொல்றதா வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க.”

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு பெங்களூர் அறை ஒன்று நினைவில் வந்துகொண்டிருந்தது. அதைப் பற்றி இந்தத் தொடரில் இதுவரை எழுதவில்லை.

கண்ணுக்குள் பார்க்கும் கருவி ஒன்றுக்கு ஒளி மூலம் செய்யும் குழுவில் சில வருடங்கள் இருந்தேன். மிக மெல்லிய ஒளியைக் கண்ணுக்குள் அனுப்பி, எந்த ஆழத்திலிருந்து எவ்வளவு திரும்பி வருகிறது என்று கணக்குப் பார்த்து, விழித்திரையின் அடுக்குகளை வெட்டிப் பார்த்ததுபோல் படமாக்கும் கருவி. தூசியே இருக்கக் கூடாத அறையில் வேலை. தலைக்கு உறை, வாய்க்கு உறை, காலுக்கு உறை. பூ வைத்துக்கொண்டு போக முடியாது, மகரந்தம் உதிரும். வெள்ளிக்கிழமைகளில் வாசலில் ஒரு தட்டில் எங்கள் எல்லாருடைய மல்லிகையும் குவிந்து கிடக்கும். சாயந்தரம் வாடிய பூவை யாருடையது என்று தெரியாமல் ஆளுக்கொன்றாக எடுத்து வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவோம்.

மயிரிழைக்கும் மெல்லிய கண்ணாடி இழைகளை நேருக்கு நேர் நிறுத்தி ஒட்டுவது என் வேலை. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் செய்ய முடியும். ஒளி மூலம் அடங்கிய ஒரு பெட்டி தயாரானால் அட்டைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிடுவார்கள். எந்த ஊருக்குப் போயிற்று, யார் கண்ணைப் பார்த்தது என்று எங்களுக்குத் தெரியாது. ஒரு நோயாளி அதன் முன்னால் உட்கார்ந்ததை நான் பார்த்ததே இல்லை.

வாசலில் ஒரு வண்டி

மறுநாள் காலை மாதேஸ் சொன்னபடி வந்துவிட்டார். காரின் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். நான் வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. சரசக்கா.

“சாவிய வாங்கிப்போட்டுப் போலாம்னு வந்தனுங்க அம்மிணி. சண்ட போட வரல. நேத்து ராத்திரியெல்லாம் ரோசன பண்ணிப்போட்டேன், உங்க மேல கோவமில்ல. ஆனா சாவி...” என்று ஆரம்பித்தவர் காருக்குள் பார்த்தார்.

“ஏன்டா மாதேசு, நீ எங்கடா இங்க?”

மாதேஸ் இறங்கி நின்றார். சட்டையின் கடைசிப் பொத்தானை அவிழ்த்து மறுபடி போட்டார்.

“கண்ணு ஆஸ்பத்திரிக்குப் போறனுங்க்கா.”

“என்ன கண்ணுக்கு?”

அவர் சொன்னார். பேருந்துப் பலகையைச் சொல்லவில்லை. “இந்தக் கண்ணுல உங்க மூஞ்சியப் பாத்தா, காதும் கொண்டையும் தெரியுதுங்க. மூஞ்சி தெரியலீங்க” என்றார்.

சரசக்கா ஸ்கூட்டரை என் வீட்டுச் சுவரோரம் நிறுத்தினார். சைடு ஸ்டாண்டைப் போட மறந்ததால், அது சாயப் போனதை நான்தான் ஓடிப்போய்ப் பிடித்தேன். அக்கா காரின் பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துகொண்டார்.

“போலாமுங்க” என்றார்.

ஆண்டகளூர் கேட் சிக்னலில் நின்றபோது பின்னாலிருந்து கேட்டார்: “காலைல ஏதாச்சும் தின்னியா சாமி?”

“இல்லீங்க்கா.”

வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, இறங்கிப்போய் இட்லி வாங்கிக்கொண்டு வந்தார். மடியில் இலையை விரித்து, சட்னியைத் தொட்டு, மாதேஸின் கையில் ஒவ்வொன்றாகக் கொடுத்தார். அந்தச் சாப்பாட்டின் வாசனை சேலம் போய்ச் சேரும்வரை காருக்குள் இருந்தது.

அடுக்குகள்

சேலத்து ஆஸ்பத்திரியில் மாதேஸை விழித்திரையைப் படமெடுக்கும் கருவியில் தாடையை ஊன்றி உட்காரச் சொன்னார்கள். அந்தக் கருவியின் வெளிப்புறம் நான் பார்த்திராத மாதிரி, வேறு யாரோ செய்தது. ஆனால் உள்ளே என்ன இருக்கும் என்று என் விரல்களுக்குத் தெரியும். “பச்சையாத் தெரியுற புள்ளியப் பாருங்க” என்றார் அங்கிருந்த பெண்.

“புள்ளி தெரியலீங்க” என்றார் மாதேஸ்.

“பரவால்ல. நேராப் பாருங்க, அசையாதீங்க.”

திரையில் படம் வந்தது. மலைத்தொடரைப் பக்கவாட்டில் வெட்டிய மாதிரி அடுக்கடுக்கான கோடுகள். நடுவில் மெல்லப் பள்ளமாக இறங்கும் இடம்தான் பார்வையின் மையம். அந்தப் பள்ளத்தின் ஓரத்தில், அடியில் ஓடும் பளிச்சென்ற கோடு ஒரு சிறு இடத்தில் அறுந்திருந்தது. கரையான் அரித்த மாதிரி. அவ்வளவுதான். ஓர் எழுத்தை விழுங்க அது போதும்.

பெங்களூரில் நான் செய்து அனுப்பிய பெட்டிகளை அப்போது நினைத்தேன். அவற்றின் முன்னாலும் இப்படி யாராவது மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், பின்னால் ஒருவர் முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார்.

மருத்துவர் இளவயதுப் பெண். சுற்றி வளைக்காமல் சொன்னார். “சரியா மையத்துல படல, ஓரமாப் பட்டிருக்கு. அது நல்ல விஷயம். மருந்தால பெருசா ஒண்ணும் செய்ய முடியாது. சில பேருக்குக் கொஞ்சம் கொஞ்சமா அதுவே சேரும். எவ்வளவு சேரும்னு இப்ப சொல்ல முடியாது. மாசக்கணக்காகும்.”

“ஏனுங்க டாக்டரம்மா” என்றார் சரசக்கா. “எம்பட கண்ணு ஒண்ண எடுத்து இவனுக்கு வெக்க முடியாதுங்களா? எனக்கு இந்த வயசுக்கு ஒண்ணு போதுமுங்க.”

மருத்துவர் சிரிக்கவில்லை. “கண்ணுக்கு முன்னாடி இருக்கற கருவிழியத்தாம்மா மாத்த முடியும். இது பின்னாடி இருக்கற திரை. மூளையோட சேர்ந்தது. யாருதையும் யாருக்கும் வைக்க முடியாது.”

“அப்படிங்களா” என்றார் சரசக்கா. வெளியே வந்து நீளமான பெஞ்சில் உட்கார்ந்து, மாதேஸின் கையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். தீப்பொறி பட்டுப்பட்டுப் புள்ளி விழுந்த கை. இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை. தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று நகர்ந்துவிட்டேன்.

திரும்பும்போது சாவியை அவரிடம் நீட்டினேன். “உங்ககிட்டயே இருக்கட்டும்” என்றார்.

“உங்க புள்ளைக்குக் குடுப்பீங்களா?”

பால் டேங்க்குகள் ஆர்கானிலேயே முடிந்து தாமதமாகப் போயின. வண்டிக்காரர் சத்தம் போட்டதாகவும், சரசக்கா பதிலுக்குப் போடவில்லை என்றும் கேள்விப்பட்டேன். மாதேஸ் வெல்டிங்கைத் தொடவில்லை. தகடு வெட்டவும் பொருத்தவும் உதவிக்கொண்டு பட்டறையிலேயே இருந்தார். கண்ணு போன வெல்டர் என்று யாரும் சொல்லவில்லை. சொன்னால் யார் வாயிலிருந்து வந்தது என்று அக்கா கண்டுபிடித்துவிடுவார் என்ற பயம் காரணமாக இருக்கலாம்.

மாதம் ஒருமுறை நான் மாதேஸைச் சேலத்துக்குக் கூட்டிப்போனேன். மூன்றாம் முறையோ நான்காம் முறையோ, அறுந்த இடத்தின் இரண்டு கரையும் ஒன்றையொன்று நெருங்கி வந்திருந்ததைத் திரையில் பார்த்தேன். நான் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. மருத்துவர் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவர் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் சரசக்கா மாதேஸிடம் இயந்திரத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார். “நீ வேண்டாம்னா வித்துப்போடறேன். வேணும்னாலும் நீதான் சொல்லோணும்.” மாதேஸ் எனக்குப் போன் செய்தார். பட்டறைக்குப் போனேன். மூவரும் டேங்க் மேடைக்குப் பக்கத்தில் நின்றோம்.

“மேடம், நீங்க இந்த லைட்டுலயே இத்தன வருசமா இருக்கீங்க. உங்களுக்கு ஒரு பொண்ணு இருக்குதுன்னு சொன்னீங்க. நாளைக்கு அதுக்கு இந்த வேல பாக்கோணும்னு ஆசைன்னா, இந்தக் கன்ன அது கையில குடுப்பீங்களா?”

என் மகள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. மருத்துவம், விலங்கியல், கிரிக்கெட் வர்ணனை என்று வாரம் ஒரு ஆசையாக மாற்றிக்கொண்டிருந்தாள். அவளை அந்தக் கன்னோடு, அந்த டேங்க்கின் வாயில் குனிந்து நிற்பதாக நினைத்துப் பார்த்தேன். சரசக்காவும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்ப இருக்கற மாதிரி குடுக்க மாட்டேன்” என்றேன். “இதுக்குன்னு தனியா ஒரு ரூம் வேணும். கதவு திறந்தா லேசர் நிக்கோணும். உள்ள இருக்கறவங்களுக்கு இந்த ஒளியத் தடுக்கற கண்ணாடி, அதுக்கு மேல முகமூடி. கிளிப்பு தகட்டுல. இவ்வளவும் இருந்தா குடுப்பேன். பக்கத்துல நின்னு பாப்பேன்.”

மாதேஸ் சரசக்காவைப் பார்த்தார். “அப்ப ரூமு கட்டுங்க்கா.”

“கட்டுறதுக்கென்ன” என்றார் சரசக்கா. “தகடு நம்மகிட்ட இல்லாததா?”

பொருத்து

அறையை அவர்களே கட்டினார்கள். லாரி பாடி போலவே கோணச்சட்டம் நிறுத்தித் தகடு அடித்து, உட்புறம் ஒளி தெறிக்காத கறுப்புப் பூச்சு பூசினார்கள். கதவில் சுவிட்ச் வைத்து இயந்திரத்தோடு இணைத்தது என் வேலை. பச்சை நிறக் கண்ணாடிகள் வந்தன. அவற்றைப் போட்டுக்கொண்டால் பட்டறை முழுக்க மழைக்காலத்து ஏரித் தண்ணீருக்குள் இருப்பதுபோல் தெரியும். சரசக்கா ஒன்றைப் போட்டுக்கொண்டு, “எல்லாரும் பச்சப் பச்சையா இருக்கறீங்க” என்றார். பட்டறையில் வெகுநாள் கழித்து அன்றைக்குத்தான் சிரிப்புச் சத்தம் கேட்டது.

மற்ற பட்டறைக்காரர்கள் வந்து வேடிக்கை பார்த்தார்கள். “வெல்டிங்குக்கு ஊடு கட்டிக் குடுத்துருக்கறாங்க” என்று ஒருவர் கேலி செய்தார். அவரே இரண்டு வாரம் கழித்து அளவு குறித்துக்கொண்டு போனார். எல்லாரும் அப்படிச் செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். இன்றைக்கும் அந்தச் சாலையில் கிளிப் கழுத்தைக் கவ்விக்கொண்டிருக்கும் பட்டறைகள் இருக்கின்றன. போய்ச் சொல்கிறேன். சில இடங்களில் டீ கொடுக்கிறார்கள், சில இடங்களில் வாசலோடு அனுப்பிவிடுகிறார்கள்.

மாதேஸ் மறுபடி கன்னைப் பிடித்த நாளில் நான் அறைக்குள் அவர் பக்கத்தில் நின்றேன். என் கண்ணிலும் பச்சைக் கண்ணாடி. முகமூடியை இறக்கியவர், நீண்ட நேரம் விசையை அழுத்தவில்லை. கன்னின் முனையைத் தகட்டில் வைத்து எடுத்தார், வைத்து எடுத்தார். அவர் மூச்சு விடுவது முகமூடிக்குள் கேட்டது. பிறகு முனை தகட்டில் நின்றது. சர்ரென்று துணி கிழிவது போல் ஒரு சத்தம். காய்ந்த இரும்பு வாசனை. டேங்க்கின் வளைவில் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் இறங்கினார்.

கதவைத் திறந்தோம். சரசக்கா வாசலிலேயே நின்றிருந்தார். தகடு ஆறும்வரை மூவரும் காத்திருந்தோம். மாதேஸ் முகமூடியையும் கண்ணாடியையும் கழற்றிவிட்டு, பொருத்தின் எதிரே போய்க் குந்தினார். இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, அடிபட்ட கண்ணால் மட்டும் அதை மேலிருந்து கீழாகப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“என்ன சாமி, தெரியுதா?” என்றார் சரசக்கா.

“தெரியுதுங்க்கா. நடுவுல ஒரு எடத்துல கோடு நெளியுற மாதிரி இருக்குதுங்க.” கையை எடுத்து இரண்டு கண்ணாலும் ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடி பொத்திக்கொண்டார். “ஆனா எங்கயும் அறுபடலீங்க.”